தோலில் கீறல்கூட இல்லை... வயிற்றில் எப்படி வீக்கம்?

கால்நடை மருத்துவர் பதில்கள்

“ஏழு மாதச் சினையாக இருக்கும் எங்கள் கலப்பினப் பசுவைப் பக்கத்துத் தோட்டத்துக் காளை முட்டிவிட்டது. ரத்தம் வரவில்லை. தோலில் கீறல்கூட இல்லை. ஆனால், மறுநாள் வலது பக்கம், மடிக்குக் கொஞ்சம் முன்னால் தேங்காய் அளவுக்கு வீக்கம் தெரிந்தது. 11 நாள்களில் அது சின்னக் குடம் அளவுக்கு வந்துவிட்டது. மாடு தீவனம் எடுக்கிறது, அசை போடுகிறது, சாணமும் போடுகிறது. எங்கள் ஊரில் மாட்டு வைத்தியம் பார்க்கும் பெரியவர், ‘உள்ளே சீழ் கட்டியிருக்கிறது. அமாவாசை கழித்துக் கீறிவிட்டால் சரியாகிவிடும்’ என்கிறார். கீறலாமா?”

- வாசகி, தர்மபுரி மாவட்டம்.

கீறக் கூடாது. கத்தி, பிளேடு, பழுக்கக் காய்ச்சிய கம்பி எதுவும் அந்த வீக்கத்தின் பக்கமே போகக் கூடாது. பெரியவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், தோலுக்கு அடியில் வந்து உட்கார்ந்திருப்பது குடலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சினை மாடு என்பதால் கருப்பையின் ஒரு பகுதியும் அதற்குள் இறங்கியிருக்கலாம். அதைச் சீழ் என்று நினைத்துக் கீறினால், குடலில் வெட்டு விழும். உள்ளே இருக்கும் சாணக் குழம்பு வயிற்றுக்குள் பரவிவிட்டால், மாட்டைக் காப்பாற்றுவது மிகக் கடினம்.

‘தோலே கிழியாதபோது குடல் எப்படி வெளியே வரும்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், மாடு தன் உடம்புக்குள் இருப்பதை எப்படிப் பொத்திப் பாதுகாக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மாட்டின் உடம்பில் முன்பாதி மூங்கில் கூடை, பின்பாதி சாக்கு மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடை என்பது விலா எலும்புகள். மனிதருக்கு 12 ஜோடி. மாட்டுக்கும் ஆட்டுக்கும் 13 ஜோடி. மாட்டில் முதல் 8 ஜோடி கீழே நெஞ்செலும்போடு நேராகச் சேரும். மீதி 5 ஜோடி ஒன்றையொன்று குருத்தெலும்பால் பிடித்துக்கொண்டிருக்கும். இந்தக் கூடைக்குள் இதயமும் நுரையீரலும் மட்டும்தான் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்ற தசைச் சுவர், விரித்த குடை மாதிரி முன்பக்கம் நோக்கி வளைந்திருக்கிறது. அதனால், வயிற்றுக்குள் இருக்க வேண்டிய கல்லீரல் வலது விலாவுக்கு அடியிலும், மண்ணீரல் இடது விலாவுக்கு அடியிலும், இரைப்பையின் முன்பகுதியும்கூட கூடையின் நிழலிலேயே இருக்கின்றன. அடிபட்டால் ரத்தம் கொட்டித் தீர்க்கும் உறுப்புகள் கல்லீரலும் மண்ணீரலும். அவை இரண்டும் எலும்புக்குள் ஒளிந்திருப்பது நல்லதுதான்.

மூச்சு விடும்போது கூடை விரிந்து சுருங்க வேண்டும் என்பதால், எலும்புகளுக்கு நடுவில் தசை வைத்து இணைத்திருக்கிறது. அந்த வளைந்து கொடுக்கும் தன்மையால், கொம்பு வந்து மோதும்போது அடி ஒரே இடத்தில் இறங்காமல் பரவிவிடும். உங்கள் மாட்டுக்கு விலாவில் குத்து விழுந்திருந்தால், எலும்பு முறிந்திருக்கலாம். ஆனால், குடல் வந்திருக்காது.

இனி சாக்கு மூட்டைக்கு வருவோம். கடைசி விலாவிலிருந்து இடுப்பெலும்பு வரை, பக்கவாட்டிலும் அடிவயிற்றிலும் எலும்பே கிடையாது. இருந்தால் மாடு பிழைக்க முடியாது. வளர்ந்த பசுவின் முதல் வயிறு மட்டுமே 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். அது போதாதென்று வருஷா வருஷம் ஒரு கன்றுக்கும் இடம் வேண்டும். வயிறு நிறைந்தால் விரிய வேண்டும், ஈன்றால் சுருங்க வேண்டும். எலும்பால் இது ஆகாது. அதனால், இங்கே காவல் முழுக்கத் தசையிடம் விடப்பட்டிருக்கிறது.

பக்கவாட்டில் மூன்று தசைப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலே இருப்பதன் நார் பின்பக்கமாகச் சரிந்து இறங்கும். அடுத்ததன் நார் முன்பக்கமாகச் சரிந்து இறங்கும். மூன்றாவது நேராக மேலிருந்து கீழே ஓடும். அடிவயிற்றில் நெஞ்சிலிருந்து இடுப்பு வரை நீளவாக்கில் இன்னொரு தசை. கயிற்றுக் கட்டிலில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு பின்னுவது எதற்கு? ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் தாங்குவதற்குத்தானே. அதே வேலைதான் இங்கேயும். மாட்டை உரித்துப் பார்த்தவர்கள், வயிற்றுத் தசைமேல் மஞ்சள் நிறத்தில் ரப்பர் மாதிரித் தடித்த ஒரு படலத்தைப் பார்த்திருப்பார்கள். இவ்வளவு பெரிய வயிற்றை நாள் முழுக்க, தசை சோர்ந்துபோகாமல் தூக்கிப்பிடிக்க உதவுவது அந்தப் படலம்தான்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே தோல். மாட்டுத் தோல் ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் தடிமன். அது தசையோடு இறுக ஒட்டியிருக்காது. விலாப் பக்கத்தில் கையால் பிடித்துப் பாருங்கள், கொத்தாகத் தூக்கலாம். ஈ உட்கார்ந்தால் அந்த இடத்தை மட்டும் மாடு சிலிர்த்து உதறுமே, அதற்கென்றே தோலுக்கு அடியில் தனியாக மெல்லிய தசை ஒன்று உண்டு. இப்படித் தோல் நகர்ந்து கொடுப்பதால், பல நேரம் கொம்பு நுனி வழுக்கிக்கொண்டு போய்விடும்.

ஆனால், உங்கள் மாட்டில் நடந்தது வேறு. மழுங்கிய கொம்பு ஒன்று, பின்னால் ஒரு காளையின் எடையோடு வந்து அழுத்தினால், தோல் நன்றாக உள்ளே போய், கொம்பு விலகியதும் பழையபடி திரும்பிவிடும். தசைக்கு அந்த அளவு இழுவைத் தன்மை கிடையாது. தோல் தாங்கிய அடியைத் தாங்க முடியாமல், அதற்கு அடியில் இருக்கும் படலங்கள் கிழிந்துவிடும். சைக்கிள் டயர் கிழிந்த இடத்தில் டியூப் பிதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே டயர் என்பது தசை, டியூப் என்பது குடல். அது முழுதாக வெளியே வந்துவிடாமல் தோல் ஒரு பை மாதிரிப் பிடித்துவைத்திருக்கிறது. இதைத்தான் குடலிறக்கம் என்கிறோம். ஆஸ்பத்திரியில் ‘ஹெர்னியா’ என்பார்கள்.

சீழ்க்கட்டியையும் இதையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? சீழ் கட்டினால் வீக்கம் சுடும், தொட்டால் மாடு உதைக்கும், முதலில் கல் மாதிரி இருந்து நாள்போக்கில் நடுவில் பழுத்து இளகும். ரத்தக்கட்டு என்றால் அடிபட்ட சில மணி நேரத்திலேயே பெரிதாகித் தளும்பும். அதையும் அவசரப்பட்டுக் கீறக் கூடாது, நின்றுபோன ரத்தம் மறுபடி பீறிடும். ஈனும் நாள் நெருங்கும்போது மடிக்கு முன்னால் நீர் கோர்ப்பது உண்டு. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். குடலிறக்கத்தில் வீக்கம் மெத்தென்று இருக்கும். மெல்ல அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் திரும்ப வரும். விரலை வைத்துத் தடவினால் தசையில் விழுந்த ஓட்டையின் விளிம்பு வளையம் மாதிரித் தட்டுப்படும். காதை வைத்தால் ‘களக் களக்’ என்று குடல் ஓடும் சத்தம் கேட்பதும் உண்டு. இவ்வளவு சொல்கிறேனே என்று நீங்களே அமுக்கிப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். குடல் தசையோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அழுத்தினாலும் உள்ளே போகாது. பார்ப்பதற்குச் சீழ்க்கட்டி மாதிரியே இருந்து மருத்துவரையே குழப்பும். ஸ்கேன் கருவி இருக்கும் இடம் என்றால் சந்தேகம் உடனே தீர்ந்துவிடும். உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரம்தான்.

அறுவை சிகிச்சைதான் இதற்குத் தீர்வு. குடலை உள்ளே தள்ளி, கிழிந்த தசையை இழுத்துத் தைப்பார்கள். ஓட்டை பெரிதாக இருந்தால், வலைத்துணி வைத்துத் தைப்பதும் உண்டு. ஆனால், எப்போது செய்வது என்பதில்தான் யோசனை வேண்டும். அடிபட்ட புதிதில் தசை வீங்கி நைந்துபோயிருக்கும், தையல் நிற்காது. சில வாரங்கள் போனால் ஓட்டையின் விளிம்பு உரம் பிடிக்கும். உங்கள் மாடு வேறு ஏழு மாதச் சினை. கன்றின் எடையில் பெரும்பகுதி கடைசி இரண்டு, மூன்று மாதங்களில்தான் கூடும். அந்தப் பாரம் தையலை இழுக்கும். அதனால், மாடு நன்றாகத் தின்று சாணம் போட்டுக்கொண்டிருக்கும் வரை, ஈன்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால், அது தட்டிக் கழிப்பது அல்ல.

அதுவரை மாட்டைத் தனியாகக் கட்டுங்கள். மேடு பள்ளத்தில் ஓட்டாதீர்கள். ஒரே வேளையில் வயிறு புடைக்கத் தீவனம் போடாமல், நாலைந்து தடவையாகப் பிரித்துப் போடுங்கள். ஈனும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், மருத்துவருக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். கன்றை வெளியே தள்ளுவதற்கு முக்குவது இந்த வயிற்றுத் தசைகள்தான். அதில் ஓட்டை இருந்தால், முக்குகிற பலம் கன்றின்மேல் முழுசாக இறங்காமல் போகும்.

இதில் ஒரு அவசரமும் உண்டு. வீக்கம் திடீரென்று கெட்டிப்பட்டு, தொடவிடாமல் வலித்து, மாடு தீவனத்தை நிறுத்தி, வயிற்றை உதைத்துக்கொண்டு, சாணம் போடாமல் இருந்தால், இறங்கிய குடல் அந்த ஓட்டையில் இறுகிக்கொண்டது என்று அர்த்தம். ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகத் தொடங்கிவிடும். அப்போது அமாவாசையும் கிடையாது, பௌர்ணமியும் கிடையாது. ராத்திரி என்றாலும் 1962-க்கு போன் செய்யுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண் அது, கட்டணம் இல்லை. ராத்திரியில் வண்டி கிடைக்காவிட்டால் விடியும் வரை காத்திருக்காமல், மருத்துவரை நேரடியாகக் கூப்பிடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கொம்பு தோலையும் கிழித்துக் குடல் வெளியே வந்துவிட்டால், கையால் உள்ளே திணிக்காதீர்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில், லிட்டருக்கு ஒன்றரை டீஸ்பூன் உப்புப் போட்டு, அதில் துவைத்த வெள்ளை வேட்டியை நனைத்து, குடலைத் தாங்கிப் பிடித்தபடி வயிற்றைச் சுற்றிக் கட்டுங்கள். துணி காயாமல் பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி. குச்சியோ கம்பியோ குத்தி நின்றால், பிடுங்காதீர்கள். அதுதான் சில நேரம் ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கும். விலாவில் ஓட்டை விழுந்து, மூச்சு விடும்போது ‘புஸ் புஸ்’ என்று காற்று போய் வந்தால், சுத்தமான ஈரத்துணியை மடித்து உடனே அந்த ஓட்டையை அழுத்தி மூடுங்கள். நுரையீரல் சுருங்கிப் போவதை அது கொஞ்சம் தள்ளிப்போடும்.

காளைக்காரரோடு சண்டை வேண்டாம். அந்தப் பக்கத்தில் ஆலாம்பாடி மாடு வைத்திருப்பவர்களுக்குக் கொம்புதான் அழகு, அதை வெட்டச் சொல்ல எனக்கும் மனம் வராது. ஆனால், ஒரே கொட்டகையில் வளரும் கலப்பினக் கன்றுகளுக்கு, பிறந்த இரண்டு வாரத்துக்குள் மரத்துப்போக ஊசி போட்டுக் கொம்புக் குருத்தைச் சுட்டுவிடச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

“பட்டியில் நாய் புகுந்து நாலு ஆடுகளைக் கடித்துவிட்டது. ஒன்றுக்கு விலாவிலும் வயிற்றிலும் சின்னச் சின்னப் பல் தடம் மட்டும்தான். மருந்து தடவினோம். மூன்றாம் நாள் செத்துவிட்டது. மற்ற மூன்றும் சுமாராக இருக்கின்றன. பெரிய காயம் உள்ளவை பிழைத்திருக்க, சின்னக் காயம் பட்டது எப்படிச் சாகும்?”

- வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்.

நாய் கடித்துவிட்டு விடுவதில்லை. பல்லைப் பதித்து உதறும். ஆட்டின் தோல் தளர்வானது என்பதால் பல்லோடு சேர்ந்து இழுபட்டுப் போய்வரும், நாலு ஓட்டையோடு தப்பித்துவிடும். அடியில் இருக்கும் தசை அப்படி நகராது. அது அங்கேயே நின்று நசுங்கி நாராகிவிடும். வயிற்றுப் பக்கம் என்றால், பல் குடலிலேயே இறங்கியிருக்கலாம். விலாப் பக்கம் என்றால், ஒடிந்த எலும்பின் முனை நுரையீரலைக் கிழித்திருக்கலாம். பெரிய காயத்தில் அழுக்கு வெளியே வடிந்துவிடும். சின்ன ஓட்டை மேலே மூடிக்கொள்ள, உள்ளே அழுகும். உங்கள் ஆட்டுக்கு இதில் எது நடந்தது என்று பரிசோதனை செய்யாமல் சொல்ல முடியாது. ஆனால், நாய் கடித்த ஆட்டைக் காயத்தின் அளவை வைத்து எடை போடவே கூடாது.

மீதி மூன்றையும் பாருங்கள். கடித்த இடத்தில் முடியைக் கத்தரித்துவிட்டுப் பார்த்தால், நினைத்ததைவிட அதிக ஓட்டைகள் இருக்கும். தோலைத் தடவும்போது காய்ந்த சருகை மிதித்த மாதிரி ‘நறநற’ என்று இருந்தால், தோலுக்கு அடியில் காற்று ஏறியிருக்கிறது என்று பொருள். மூச்சு வாங்குவது, வயிறு விறைத்துப் போவது, அசை போடாமல் ஒதுங்கி நிற்பது... இதில் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநோய்ப் பயமும் இருக்கிறது. கடித்தவுடன் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், கையுறை இல்லாமல் தொடக் கூடாது. கடித்த நாள், 3, 7, 14, 28-ம் நாள் என்று தடுப்பூசி போட வேண்டும். நாள் தள்ளிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், இன்றே தொடங்குங்கள். ஆட்டைத் தூக்கியவர் கையில் கீறல் இருந்திருந்தால், அவரும் அரசு மருத்துவமனைக்குப் போய்க் கேட்க வேண்டும்.

மனிதர்களுக்கும் இது பொருந்தும் என்பதால் ஒரு வார்த்தை. மாடு உதைத்து, வண்டி நுகம் இடித்து, மரத்திலிருந்து விழுந்து விலாவில் அடிபட்டவர்கள், ‘மேலே ஒன்றும் தெரியவில்லை’ என்று எண்ணெய் நீவிப் படுத்துக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறோம். இடது விலாவுக்கு அடியில் மண்ணீரல் இருக்கிறது. அது அன்றைக்குக் கீறி, சில நாள் கழித்து உடைவதும் உண்டு. அடிபட்டவருக்கு முகம் வெளுத்து, வியர்த்து, தலைசுற்றி, வயிறு கெட்டிப்பட்டு, அடிபடாத இடது தோள்பட்டையில் வலித்தால், நீவுகிற வேலையை விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. அவர்களின் விலா எலும்பு பச்சை மூங்கில் மாதிரி வளையும். எலும்பு முறியாமலேயே உள்ளுறுப்பு அடிபட்டிருக்கும். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்பதாலேயே நிம்மதியாக இருந்துவிட முடியாது.

“மாட்டின் வயிற்றுக்குள் காந்தம் போட்டால் கம்பி குத்தாது என்கிறார்கள். உண்மையா, வியாபாரமா?”

- வாசகர், ஈரோடு மாவட்டம்.

உண்மைதான். மேலே சொன்ன கூடை, சாக்கு, தோல் எல்லாம் வெளியிலிருந்து வரும் அடிக்குத்தான் காவல். தீவனத்தோடு உள்ளே போன கம்பிக்கு அந்தக் காவல் எதுவும் கிடையாது.

மாடு நம்மைப் போல நாக்கால் துழாவிப் பார்த்துத் தின்பதில்லை. சுருட்டி இழுத்து விழுங்கிவிட்டு, பிறகுதான் அசை போடும். கட்டுக்கம்பித் துண்டு, ஆணி, ஊசி எல்லாம் எடை காரணமாகத் தேன்கூடு மாதிரி இருக்கும் இரண்டாவது வயிற்றில் போய்த் தங்கிவிடும். அந்த வயிற்றுக்கு முன்னால் உதரவிதானம், அதற்கு அந்தப் பக்கம் சில சென்டிமீட்டர் தூரத்தில் இதயம். அந்த வயிறு ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் கம்பி நகரும். நிறைசினையில் கருப்பை வேறு பின்னாலிருந்து நெருக்கும். ஒரு நாள் கம்பி இதய உறையைத் தொட்டுவிடும்.

திடீரென்று பால் பாதியாகக் குறைவது, முதுகை வளைத்து முன்னங்கால் முட்டிகளை அகட்டி நிற்பது, இறக்கத்தில் இறங்க மறுப்பது, படுக்கும்போது முனகுவது... இவை முதல் கட்ட அறிகுறிகள். இந்தக் கட்டத்தில் இடது பக்க வயிற்றுப் பள்ளத்தில், விலா இல்லாத அந்த இடத்தில்தான், தசையைத் திறந்து உள்ளே கைவிட்டுக் கம்பியை எடுப்பார்கள். பெரும்பாலான மாடுகள் தேறிவிடும். தாடைக்கு அடியிலும் நெஞ்சிலும் நீர் கோர்த்து, கழுத்து நரம்பு கயிறு மாதிரிப் புடைத்துவிட்டால், கம்பி இதயம் வரை போய்விட்டது. அதற்கு மேல் செலவு செய்வதை நான் சிபாரிசு செய்வதில்லை.

காந்தம் விரல் நீளத்தில் இருக்கும். மருத்துவர் வாய் வழியாக ஒரு முறை செலுத்திவிட்டால், அது வயிற்றிலேயே தங்கி, வரும் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தைத்து இறங்கிவிட்ட கம்பியை அது திரும்ப இழுக்காது. செம்பு, அலுமினியக் கம்பியை அது பிடிக்காது. அதனால், வைக்கோல் கட்டுப் பிரிக்கும் இடத்தில் கம்பி கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டடம் கட்டும் இடத்துக்கு அருகில் மேய விடாதீர்கள். தட்டை வெட்டும் இயந்திரத்தின் வாயில் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டு, வாரம் ஒரு முறை அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்.